மலிவான காரணம்

வுகோமான் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒலிப்பதிவில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் என்று மகள் நெவெங்கா வீட்டிலேயே சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டு, காலணிக்குப் பாலிஷ் போட்டு, போதாததற்குப் பிளம் சாராயம் ஒரு சின்னப் புட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மகளின் கம்பெனிப் படிக்கட்டில் அவர் மூச்சு வாங்க ஏறும்போது, எதிரே கிழிந்த ஜீன்ஸும் செருப்புமாக இறங்கிய இளைஞர்கள் சுவரோடு ஒதுங்கி வழி விட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் தலையசைத்துக் காலை வணக்கம் சொன்னார். நெவெங்காவுக்குக் கூச்சமாக இருந்தது. அப்பாவை நினைத்துக் கூச்சப்படுகிறோமே என்று இன்னும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

எழுபது தாண்டியும் அவருடைய குரல் மட்டும் உடையவில்லை. நோவி சாத் நகரில் வெகுகாலம் வானொலியில் ஆற்று நீர்மட்டம் வாசித்தவர். டான்யூபில் எங்கே எவ்வளவு ஏறியது, சாவாவில் எங்கே எவ்வளவு இறங்கியது என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்லிக்கொண்டே போவார். படகே இல்லாதவர்கள்கூட சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டு அதைக் கேட்பார்கள். அதற்கு முன்னால், நெவெங்கா சிறுமியாக இருந்தபோது, குடும்பம் எல்லையாக ஓடும் டிரினா ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரில் இருந்தது. அங்கேயும் அவருக்கு வானொலி வேலைதான். அந்த வருடங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார். திறந்திருந்தால் மூடுவார். அம்மா இருந்தவரை அவளும் பேச்சை மாற்றிவிடுவாள்.

நெவெங்காவின் கம்பெனி கணினி விளையாட்டு தயாரித்தது. வரைபடத்தில் ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஆளலாம். வரி போடலாம், ரயில் பாதை போடலாம், மகளைப் பக்கத்து நாட்டு இளவரசனுக்குக் கட்டிக்கொடுக்கலாம். நினைத்த மாத்திரத்தில் படையெடுக்க மட்டும் முடியாது. அதற்கு ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும். இல்லாமல் போனால் சொந்த மக்களே முகம் சுளிப்பார்கள், நட்பு நாடுகள் கழன்றுகொள்ளும், பிடித்த ஊரும் கையில் நிற்காது. காரணம் இல்லாதவன் அதைத் தயார் செய்துகொள்ளலாம். எல்லைக்கு அப்பால் ஆள் அனுப்பி, கஜானாவிலிருந்து செலவழித்து, சில மாதம் பொறுத்திருந்தால் திரையில் ஒரு பெட்டி திறக்கும். அதில் நாலு வரி. அதன் கீழே போர்ப் பொத்தான் சிவப்பாக ஒளிரும்.

அந்த நாலு வரிகளை எழுதுவது நெவெங்காவின் வேலை. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் வந்தவள், வந்த இடத்தில் நன்றாகவே எழுதினாள். களவு போன குதிரைகள், விருந்தில் அவமதிக்கப்பட்ட தூதர், யாரோ தீ வைத்த மாதா கோயில் என்று நிறைய. அவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் விட நன்றாக ஓடியது. அதற்குச் செலவும் குறைவு, காத்திருக்கும் காலமும் குறைவு, சான்று என்று எதுவும் காட்ட வேண்டியதில்லை. 'ஆற்றோரத் தெருவில் நம் மக்களின் வீட்டுக் கதவுகளில் அடையாளம் இடப்பட்டிருக்கிறது. இட்டவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.' அவ்வளவுதான். ஒரு மதியம் தேநீர் ஆறுவதற்குள் அவள் எழுதியது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. முதலாளி ஓக்னியன் அதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டினான். "உலகத்துலயே மலிவான காரணம் இதுதான் நெவா! இதைவிட மலிவா ஒருத்தனாலயும் எழுத முடியாது." ஆட்டக்காரர்கள் அந்த வரியைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். அவளுக்குச் சம்பளம் உயர்ந்தது. புதிய பதிப்பு வானொலிக் காலத்தில் நடப்பதால் காரணங்களைப் பழைய அறிவிப்பாளர் குரலில் ஒலிக்கவிடலாம் என்று ஓக்னியன் சொன்னபோது, எங்கப்பா இருக்கார் என்று அவள்தான் கையைத் தூக்கினாள்.

பதிவுக்கூடம் ஒரு காலத்தில் கம்பெனி இருந்த பழைய வீட்டின் குளியலறையாக இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டி, நடுவில் கண்ணாடி வைத்துத் தடுத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரிஃபெத் உட்கார்ந்திருந்தான். ஒலி வேலை அவனுடையது. டிரினாவின் மறுகரைக்காரன், போஸ்னியாவிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. நெவெங்காவை 'அக்கரை' என்றுதான் கூப்பிடுவான். காலையில் இருவரும் ஒரே புரெக் ரொட்டியை வாங்கிப் பிய்த்துத் தயிரில் தோய்த்துத் தின்பார்கள். கேலியில் ஆறு வந்ததே தவிர, போரின்போது அங்கே நடந்ததைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசாமலிருக்க இருவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

வுகோமான் புட்டியை அவன் மேசையில் வைத்தார்.

"மாமா, காலங்காத்தாலயேவா? என்னை வேலையை விட்டுத் தூக்கணும்னு உங்க பொண்ணு சொல்லி அனுப்பிச்சாளா?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போப்பா. மருந்து மாதிரி."

"எங்க வீட்ல எல்லாரும் நோயாளிதான் மாமா, நீங்க கவலைப்படாதீங்க."

மூவரும் சிரித்தார்கள். ரிஃபெத் அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, ஒலிவாங்கியை அவர் உயரத்துக்கு இறக்கி, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டான். குரல் பார்க்க ஏதாவது சொல்லுங்கள் என்றதும் அவர் நீர்மட்டம் வாசித்தார். ரிஃபெத் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். "இந்தக் குரலை வச்சு எதை வேணா விக்கலாம் அக்கரை," என்றான். பிறகு முகத்தைச் சற்றுச் சுளித்தான். "எங்கியோ கேட்டிருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்றாள் நெவெங்கா.

குதிரைகள் முடிந்தன. தூதர் முடிந்தார். அவர் ஒவ்வொன்றையும் ஒரே தடவையில், ஒரு திணறல் இல்லாமல் வாசித்தார். அடுத்த தாளைத் திருப்பியவர் வாசிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிவிட்டுப் பார்த்தார். நெவெங்கா பேசும் பொத்தானை அழுத்தி, "என்னப்பா, எழுத்து சின்னதா இருக்கா?" என்றாள்.

"இதுல ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கு."

"எதுல?"

"'வெள்ளை அடையாளம்'னு வரணும். 'கதவுகளில் வெள்ளை அடையாளம் இடப்பட்டிருக்கிறது.' அப்பத்தான் மூச்சு சரியா நிக்கும்." தொழில்காரனின் அக்கறையோடு சொன்னார். சொன்னபடியே ஒரு தடவை வாசித்தும் காட்டினார்.

அந்தக் குரல் மேசை ஒலிபெருக்கியிலிருந்து வந்து முடிந்த இடத்தில், ரிஃபெத் திரையைப் பார்த்தபடியே அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னான்: "பொதுமக்கள் அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அந்த வரி தாளில் இல்லை. நெவெங்கா அதை எழுதவில்லை. ஆனால் கேட்ட உடனே அவளுக்கும் தெரிந்துவிட்டது. சமையலறை அலமாரி மேல் இருந்த வானொலி, அம்மா மாவுக் கையோடு அதன் ஒலியைக் குறைத்தது, மேசைக்கடியில் தான் பென்சில் சீவிக்கொண்டிருந்தது. தன் தலையில் தானாக முளைத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்த வரி, அப்பாவின் வாயிலிருந்து அன்று வந்தது. அதை எழுதி அவள் கைதட்டு வாங்கியிருக்கிறாள். முதலில் காதுமடல் சூடானது, பிறகு கழுத்து. ரிஃபெத்தின் பக்கம் திரும்ப முடியவில்லை.

"எனக்கு ஒன்பது வயசு," என்றான் ரிஃபெத். தன்னோடு பேசுவது போலத்தான் பேசினான். "எங்க தெருதான் அந்த ஆத்தோரத் தெரு. கதவுல எல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டது நாங்க. பந்து வீசி அடிக்கிறதுக்கு. எங்க ஆள் வீடு உங்க ஆள் வீடுன்னெல்லாம் பாக்கல, எல்லாக் கதவுலயும் போட்டோம். கடைசி வரிசைல போட்டது நான் ஒருத்தன்தான். ரேடியோல இது வந்ததும் எங்கம்மா ஈரத்துணி எடுத்துட்டு ஓடினாங்க. அப்பா என்னை அடிச்சார். அதுக்கு முன்னால அவர் என்னைத் தொட்டதில்ல. மறுவாரம் அப்பாவையும் தெருவுல இருந்த ஆம்பளைங்களையும் லாரில ஏத்திட்டுப் போனாங்க. அவ்வளவுதான். நான்தான் காரணம்னு அம்மா ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா பரவாயில்லன்னு இருக்கும்."

நெவெங்கா அப்போதுதான் கவனித்தாள். தான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. அத்தனையும் அப்பாவின் காதுக்குள் போயிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தாளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"வட்டமா?" என்றார். அறிவிப்பாளர் குரல் எங்கோ போயிருந்தது. வந்தது ஒரு கிழவரின் வறண்ட குரல். "வட்டம் எதுவும் எனக்குத் தெரியாதேப்பா."

"அப்புறம் எப்படி...?" என்றான் ரிஃபெத்.

"உங்க தெருவுக்கு நான் வந்ததே இல்ல. பாலத்தைத் தாண்டுனதே இல்ல. நகராட்சிலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. லாரி இருக்கு, ஆள் இருக்கு, எல்லாம் தயாரா இருக்கு, ரேடியோல சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இல்ல, சாயங்காலத்துக்குள்ள ஏதாவது எழுதிக் குடுன்னாங்க. காப்பி ஆறுறதுக்குள்ள எழுதிட்டேன்." அவர் எச்சில் விழுங்கியது ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. "எந்தத் தெருவுலதான் கதவுல பசங்க கிறுக்காம இருக்காங்க? நம்பாதவன் போய்ப் பாத்தாலும் ஏதாவது ஒண்ணு கண்ணுல படும். அதனாலதான் அப்படி எழுதினேன். நல்ல வரின்னு... நல்ல வரின்னு அன்னிக்கு நினைச்சேன்."

சான்று தேவையில்லை என்ற ஆட்ட விதியை மேலதிகாரிகளுக்கு விளக்கியபோது, கிட்டத்தட்ட இதே சொற்களை நெவெங்கா சொல்லியிருந்தாள். தேடுகிறவனுக்குத் தானே கிடைக்கும், அதுதான் இதன் அழகு என்று. கூட்டத்தில் சிரித்தார்கள். ரிஃபெத்தும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவன் சிரித்தானா என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். அவன் தாளில் ஏதோ கிறுக்கிக்கொண்டு குனிந்திருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது.

கதவு திறந்து ஓக்னியன் தலையை நீட்டினான். "எப்படிப் போகுது? அய்யாவோட குரல் கீழ வரைக்கும் கேக்குது, பட்டையைக் கிளப்புறார்!" ஒருவரும் திரும்பவில்லை. "ஏதாவது மிஷின் கோளாறா?" என்றான். ரிஃபெத் கையை மட்டும் உயர்த்தினான். ஓக்னியன் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனான்.

"அந்த வரியை எடுத்துடறேன்," என்றாள் நெவெங்கா. "இன்னிக்கே எடுத்துடறேன் ரிஃபெத்."

"எடுத்தா? லட்சம் பேர் சட்டையில போட்டுட்டுத் திரியறாங்க." கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அவன் கோபப்பட்டிருக்கலாம் என்று இருந்தது. அவன் மேசையில் இருந்த ஹெட்ஃபோனை எடுத்து ஒயரைச் சுற்றினான், பிரித்தான். பிறகு அவள் விரலை விலக்கிவிட்டுப் பொத்தானைத் தானே அழுத்தினான்.

"எங்கம்மா உயிரோட இருக்காங்க. துஸ்லா ஊர்ல. கண்ணு தெரியாது, காது நல்லாக் கேக்கும். உங்க குரல் அவங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்." இந்தத் தடவை மாமா என்று வரவில்லை. "இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அதையே சொல்லுங்க. வந்ததே இல்ல, பாத்ததே இல்லன்னு. நான் பதிவு பண்ணி எடுத்துட்டுப் போறேன்."

வுகோமான் மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் சொல்லமாட்டாளா என்று அந்தக் கண்கள் கேட்டன. சின்ன வயதில் அவள் பள்ளிக்கூட வாசலில் நின்று அவரை அப்படிப் பார்த்திருப்பாள். அவள் கையிலிருந்த தாள்களை அடுக்கினாள். ஓரம் தட்டி மறுபடி அடுக்கினாள்.

"என் பேரைச் சொல்லணுமா?" என்று கேட்டார் அவர்.

"அது உங்க இஷ்டம்."

"எந்தக் குரல்ல சொல்ல? எனக்கு இந்த மாதிரி... வாசிக்காம, மைக்குல பேசிப் பழக்கமில்லையேப்பா."

ரிஃபெத் பதிவை ஓடவிட்டான். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வுகோமான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலிவாங்கிக்கு அருகில் குனிந்தார். திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நேராக ஓடிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்: கிழவர் மூச்சை இழுக்கும் போதெல்லாம் அது மயிரிழை அளவு நடுங்கி, மறுபடி படுத்துக்கொண்டது. இருவரும் கண்ணாடிப் பக்கம் நிமிராமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.