குறை சொல்லக் குடிவைத்த வீடு

"குறை சொல்றதுக்குத்தான் உங்கள இங்க வெச்சிருக்கோம். கூச்சப்படாம சொல்லுங்க," என்றாள் டேப் அக்கா.

"ஒரு குறையும் இல்லீங்க," என்றான் தையல்காரன்.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரமும் ஒரு குறையும் இல்லீங்க."

டேப் அக்கா அறக்கட்டளையில் வேலை பார்ப்பவள். கையில் எந்நேரமும் அளவு நாடா இருப்பதால் அந்தப் பெயர். ஊர் ஓரத்தில் சும்மா கிடந்த மேட்டில், சொந்த வீடில்லாத குடும்பங்களுக்குக் கையைக் கடிக்காத செலவில் ஒரு தெரு முழுக்க வீடு கட்டித்தர அறக்கட்டளை முன்வந்திருந்தது. எடுத்த எடுப்பில் தெருவையே கட்டிவிடாமல், முதலில் ஒன்றே ஒன்றைக் கட்டினார்கள். அதில் ஒரு குடும்பத்தை ஒரு மாதம் வாழவிட்டு, எது சரி, எது சரியில்லை என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் மற்றதைக் கட்டலாம் என்று யோசனை. சீட்டுக் குலுக்கியதில் தையல்காரன் குடும்பம் வந்தது. அவன், அவன் மனைவி, அவனுடைய அம்மா, ஆக மூன்று பேர். மாதம் முடிந்ததும் அந்த வீடு அவர்களுக்கே என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

தையல்காரனுக்கு நம்பிக்கை வரவில்லை. பிறந்ததிலிருந்து "காலி பண்ணுங்க" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவன்.

"தானமா குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக்கூடாது," என்றான் மனைவியிடம். "ஜன்னல் சின்னது, கதவு ஒட்டுதுன்னு நாம அடுக்கிட்டே போனா, இவங்களுக்குத்தான் புடிக்கலையேன்னு வேற ஆளக் கொண்டாந்து வெச்சிடுவாங்க. உள்ளதும் போச்சுடா நொள்ளக் கண்ணான்னு நிக்கணும்."

"எந்தக் கதவுங்க ஒட்டுது?"

"எதுவும் ஒட்டல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவளுக்கும் அந்த வீட்டை விட மனமில்லை. இதற்கு முன் இருந்தது ஒரே அறைக் கொட்டகை. தையல் மிஷினுக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் மாமியார். இங்கே கூடம், சமையலறை போக அவர்களுக்கு ஓர் அறை, மாமியாருக்கு ஓர் அறை. நடுவே நல்ல கனமான சுவர். அதனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வேறு ஒரு விஷயம் அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அறைக்குள் புருஷனிடம் சொன்னாள், "உங்கம்மா கழுவுற பாத்திரத்துல சோப்பு வாசன போகவே மாட்டேங்குது." மறுநாள் காலையில் மாமியார் ஒவ்வொரு தட்டையும் திருப்பித் திருப்பி அலசிக்கொண்டிருந்தாள். சரி, தற்செயல் என்று விட்டுவிட்டாள். பிறகு ஒருநாள், "அந்த வாளிப் புடி கைய அறுக்குதுங்க" என்றாள். அவள் நாற்றுப் பண்ணை வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் வாளிப் பிடியில் துணி சுற்றியிருந்தது.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, நான் உங்ககிட்ட சொல்றதையெல்லாம் உங்கம்மாகிட்ட போய் ஒப்பிக்கிறீங்களா?"

"எத?"

"பாத்திரத்த. வாளிய."

"நான் எதுக்கு ஒப்பிக்கப் போறேன்? நீ சொல்றத நானே முழுசா கேக்கிறதில்ல."

"அது எனக்குத் தெரியும்."

தெரிந்ததால்தான் குழப்பம் கூடிற்று. இவன் சொல்லவில்லை என்றால் யார் சொன்னது? இன்னொன்றும் இருந்தது. மாமியார் வாய் ஓயாதவள். கொட்டகையில் படுத்த பிறகும்கூட யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். இங்கே கூடத்தில் அதே பேச்சு, அதே வம்பு. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் மட்டும் ஒரு இருமல்கூட வெளியே வருவதில்லை. உள்ளே அப்படி என்னதான் செய்கிறாள்?

சோதித்துப் பார்த்துவிடுவது என்று மருமகள் முடிவு செய்தாள். அறைக்குள் புருஷனிடம், "எனக்கு நீலக் கலர்னாலே ஆகாதுங்க. கண்ண உறுத்துது," என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். அவன் "ஊம்" என்றான். அதன் பிறகு அவனைத் தன் கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டாள். அம்மா பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் குளியலறையில் நீல மக்கைக் காணோம்.

"அத்த, அந்த நீல மக் எங்க?"

"எந்த மக்?"

"நேத்து வரைக்கும் இங்கதான் இருந்துச்சு."

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன மக்குக்குக் காவலா இருக்கேன்?" என்று மாமியார் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

அவள் தலை மறையும்வரை மருமகள் காத்திருந்தாள். பிறகு மாமியார் அறைக்குள் நுழைந்தாள்.

கட்டில் இருந்த இடத்தில் இல்லை. நடுச் சுவரை விட்டு எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, மூலையில் ஒட்டிக் கிடந்தது. ஜன்னல் கட்டையில் வெட்டுத்துணியைச் சுருட்டிச் செய்த இரண்டு சின்ன உருண்டைகள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"இடுப்பா இது? இவர ஒரு சுத்துச் சுத்தி வரவே அர நாள் ஆகுமே. இந்தத் துணி எப்படிப்பா பத்தும்?"

தையல்காரன்தான். அடுத்த அறையில் தனியாக உட்கார்ந்து, யாருடைய கால்சட்டையோடோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காதோரம் வந்து சொன்னதுபோல ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வந்ததிலிருந்து அந்த அறையில் என்னென்ன பேசினோம் என்று நினைக்க நினைக்க முகம் சூடேறியது. மாமியாரின் நடையை ஒருநாள் நடித்துக்கூடக் காட்டியிருந்தாள். நல்லவேளை, நடிப்பு கேட்காது.

மாமியார் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"இங்க என்ன பண்ற?"

"கேட்டுக்கிட்டு இருக்கேன்."

மாமியார் குடத்தைக் கீழே வைத்தாள். மேலேயிருந்து மறுபடி "இடுப்பா இது" என்று வந்தது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"எத்தன நாளா அத்த?"

"வந்த அன்னையிலேருந்து."

"எல்லாமேயா?"

"காதுல துணி வெச்சுக்கிட்டேன். பாதிதான் கேட்டுச்சு."

"எந்தப் பாதி?"

"உன் பாதி. அவன் எங்க பேசறான்? ஊம் போடறதோட சரி."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா அந்த டேப்புக்காரிகிட்ட போய்ச் சொல்லுவ. இந்தக் குடும்பத்துக்கு வாய் நீளம்னு அவங்க வேற ஆளத் தேடுவாங்க. எனக்குன்னு ஒரு கதவு இந்த வயசுலதான் வந்திருக்கு. அதுக்காக நாலு பேச்சு காதுல விழுந்தா விழட்டும்னு இருந்தேன்."

"உள்ள வந்தா ஒரு இருமல்கூட இல்லையே?"

"நான் இருமினா உனக்குக் கேக்குமே. கண்டுபுடிச்சிடுவியே." மாமியார் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். "சுவத்துக்குக் காது இருக்குன்னு சொல்லுவாங்க. இதுக்கு வாயும் இருக்கு."

"எனக்கு நீலம் புடிக்கும் அத்த. சும்மா சோதிக்கத்தான் சொன்னேன்."

"அடிப்பாவி. தேடிப் புடிச்சுக் கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்சேனே."

"அங்க யாரு, என்னப் பத்திப் பேசறது?" என்று மேலேயிருந்து தையல்காரன் கேட்டான். அப்புறம் சத்தமே இல்லை. அவனுக்கும் விளங்கிவிட்டது போலும். கழுத்தில் அளவு நாடா தொங்க, வாசலில் வந்து நின்றான்.

அன்று மாலைதான் டேப் அக்கா கடைசித் தடவையாகக் கேட்க வருகிறாள். இவர்கள் சரி என்று சொல்லிவிட்டால், இதே அளவில், இதே மாதிரியில் தெரு முழுக்கச் சுவர் எழும்பிவிடும்.

"சொல்ல வேணாம்," என்றான் அவன். "வாயக் குடுத்து வம்ப வாங்கிக்காதீங்க. மெதுவா பேசுவோம். பேசாமகூட இருப்போம்."

"நமக்குச் சரிங்க. பக்கத்து வீட்டுக்கு ஒரு புது ஜோடி வருது. அந்தப் பொண்ணோட மாமியாரும் இப்படித் துணி வெச்சுக்கிட்டு உக்காரணுமா?"

"எல்லா மாமியாரும் துணி வெச்சுக்க மாட்டாங்க," என்றாள் மாமியார்.

"வீடு போச்சுன்னா என்னக் கேக்காதீங்க," என்று மட்டும் சொன்னான்.

மாலையில் டேப் அக்கா வந்தாள். "கடைசியா கேக்கறேன். ஏதாவது குறை?"

"ஒரு குறையும்..." என்று தையல்காரன் தொடங்கினான்.

"ஒண்ணு இருக்குங்க," என்றாள் அவன் மனைவி.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் பாத்திரத்தில் தொடங்கி நீல மக் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். டேப் அக்கா எதையும் எழுதவில்லை. கேட்கக் கேட்க அவள் கண்கள் அகலமாயின. ஒரு ஸ்டூலை மாமியார் அறைக்கு இழுத்துவந்து மேலே ஏறினாள். கூரைத் தகரத்துக்குக் கீழே வெயில் இறங்காமலிருக்க அடித்திருந்த அட்டைப் பலகையில் ஒன்றை நெம்பித் தூக்கி, உள்ளே தலையை விட்டாள்.

"அட," என்றது அவள் குரல். "சுவர் இங்கயே நின்னுடுச்சு. பலகைக்கு மேல ஒண்ணுமே இல்ல. இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும் மேல ஒரே வெளி."

"அப்ப என்ன பண்ணணும்?" என்றாள் மாமியார்.

"மேல தகரம் வரைக்கும் செங்கல் வெச்சு ஏத்தணும். மத்த வீட்டுக்கு இப்பவே பிளான மாத்திடலாம். இதுல வேல முடியற வரைக்கும் நீங்க கொஞ்ச நாள் வெளிய இருக்க வேண்டியிருக்கும்."

வெளியே என்ற சொல்லைக் கேட்டதும் தையல்காரன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டேப் அக்கா இதை எதையும் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு ஆவல் வந்துவிட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கிப் பலகையைப் பழையபடி தள்ளி மூடினாள். "அண்ணே, நீங்க அந்த ரூமுக்குப் போய் ஏதாவது பேசுங்க. எவ்வளவு மெதுவா பேசினா கேக்குதுன்னு பாத்துடறேன்."

"என்ன பேசறதுங்க?"

"எது வேணாலும். மனசுல இருக்கிறத."

அவன் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மூன்று பெண்களும் அண்ணாந்து நின்றார்கள். முதலில் ஒரு தொண்டைச் செருமல் வந்தது. பிறகு, நேருக்கு நேர் நின்று ஒரு மாதமாகக் கேட்க முடியாததை, ரகசியம் சொல்கிற குரலில் கேட்டான்.

"வெளிய போயிட்டு வந்தா, வீடு எங்களுக்கேதான் இருக்குமாங்க?"

டேப் அக்கா பலகையைப் பார்த்தபடியே நின்றாள். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் "ஒரு குறையும் இல்லீங்க" என்று அவன் ஏன் சொன்னான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அவளும் அதே அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, மேலே பார்த்துச் சொன்னாள்.

"இருக்கும்ணே. குறை சொன்னதுக்காக யாரையும் மாத்த மாட்டோம். இது உங்க வீடு."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சுங்க."

"டேய்," என்றாள் மாமியார், மேலே பார்த்து. "இன்னொரு தடவ சொல்லச் சொல்லுடா. இதெல்லாம் ரெண்டு தடவ கேட்டுக்கணும்."