மணிக்கட்டுக் கயிறு

கும்சனின் வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போய் ஆறு மாதமாகிறது. ஐம்பத்தொன்பது வயது. கொரியாவின் ஜேஜூத் தீவில் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிப் பாறைச் சிப்பி பெயர்த்துவருகிற பெண்களில் ஒருத்தி. கை போனால் கடலும் போச்சு.

டாக்டர்களை அவள் நம்புகிறவள் இல்லை. வேறு வழியில்லாமல் போனாள். டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்து, உள்ளே நரம்பு நசுங்குகிறது என்றார்.

“துணி பிழியாதீங்க. மண்வெட்டிய இறுக்கிப் பிடிக்காதீங்க. ராத்திரி இந்தப் பட்டையப் போட்டுக் கைய மடக்காமத் தூங்குங்க. மணிக்கட்டுல இறுக்கமா ஏதாச்சும் போடுவீங்களா? வாட்ச், வளையல்?”

“அதெல்லாம் இல்ல.”

பொய் சொல்லவில்லை. சிப்பி நெம்பும் தகட்டின் கயிற்றை முப்பத்தெட்டு வருஷமாக அங்கேதான் சுற்றுகிறாள். அது கையோடு சேர்த்தி. அவள் நினைப்பிலேயே வரவில்லை.

சொன்னதையெல்லாம் செய்தாள். துணி பிழிவது புருஷன் போங்சுவின் தலையில் விழுந்தது. பூண்டு உரிக்கும்போது நடுநடுவே கையை உதறிக்கொண்டாள். மூன்று வாரத்தில் ராத்திரி மரப்பு குறைந்து நல்ல தூக்கம் வந்தது. ஆனால் கடலில் இறங்கி அரை மணியானால் விரல்கள் மறுபடி கட்டையாகிவிடும்.

கரையில் அவள் கயிற்றை இறுக்கிச் சுற்றுவதை, கடலில் இறங்கும் பெண்களில் மூத்தவளான ஓக்ஜா பார்த்துவிட்டாள். “வீட்ல மகாராணி மாதிரி கைய வச்சிருந்துட்டு, இங்க வந்து இந்த நெரி நெரிக்கிறியே!”

“தகடு நழுவுதுக்கா. விரல்ல பிடிப்பு இல்ல.”

“சிப்பி கவ்விச்சுன்னா கைய உருவணும்டி. போன வருஷம் உருவ முடியாம மூச்சு முட்டிப்போன மியோங்ஹியை எப்படித் தூக்கிட்டு வந்தோம்?”

கும்சன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

அடியில் பெரிய சிப்பி. தகட்டைச் செருகியதும் அது பாறையோடு அப்பிக்கொண்டது. தகடு வரவில்லை. கையும் வரவில்லை. இடது கையால் முடிச்சைத் தேடினாள். கிடைக்கவில்லை. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. பாறையில் காலை ஊன்றி இழுத்தாள். கையுறையோடு தோலும் உரிந்து, கயிற்றிலிருந்து கை உருவி வந்தது.

மேலே வந்து நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓக்ஜா இனிக் கடலில் இறங்க விடமாட்டாள்.

“தகடு எங்க?” என்றான் போங்சு.

“நழுவிடுச்சு. பாறையில சிராய்ச்சிடுச்சு.”

“ஒழுங்காக் கட்டினாத்தானே!”

சாயங்காலமே புதுத் தகடும் தடித்த கயிறும் வாங்கி வந்தான். காயத்தின்மேல் துணி வைத்து, கயிற்றைச் சுற்றி அளவு பார்த்தான்.

“இறுக்குதா?”

அவன் விரல்கள் தன் விரல்களைப் பிடித்திருப்பது கும்சனின் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

“தெரியல.”

“அப்ப சரி,” என்று முடிச்சை இழுத்தான்.