நான்கு மணி ஐந்துக்கு நடந்தவர்

மனிதன் பொய் சொல்வான், இயந்திரம் சொல்லாது. கணினித் தடய நிபுணர் வெங்கடாசலம் இந்த மகாவாக்கியத்தை மூன்று கல்லூரிகளில் பொன்னாடையோடு முழங்கியிருக்கிறார். அன்று அஸ்தம்பட்டியில், ஜன்னலில்லாத அவர் அறையில், இயந்திரம் அவருக்கு ஒரு பிணத்தை நடத்திக் காட்டியது.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் முதலாளி சுவாமிநாதன் தன் பட்டறையில் ரிக் மேலிருந்து விழுந்து செத்தது மூன்று மணிக்கு. டிரைவர் கதிர், இரண்டுக்கே கிளம்பிவிட்டதாகச் சொன்னான். கேட் கேமராவோ அவன் மூன்றேகாலுக்கு வெளியே போவதைக் காட்டியது. தள்ளிவிட்டு ஓடியிருக்கிறான் என்று, வெங்கடாசலத்தின் அறிக்கையை நம்பி, அவனை உள்ளே வைத்து நாற்பத்தொரு நாள்.

கதிரின் வக்கீல் முழுப் பதிவையும் கேட்டதால்தான், மூன்றேகாலுக்குப் பின் என்ன இருக்கிறதென்று வெங்கடாசலம் முதன்முறையாகப் பார்த்தார்.

நான்கு மணி ஐந்து. காலி முற்றம். மேய்ந்துகொண்டிருந்த கோழி சட்டென்று ஒதுங்கியது. தோளில் ஈரத் துண்டோடு சுவாமிநாதன் வந்து நின்றார். அந்நேரம் அவர் உடல் பிணவறையில் இருந்தது. நிமிர்ந்து கேமராவை வெகுநேரம் பார்த்தார். யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி, ரிக் பக்கம் போனார். நிழல் கொஞ்சம் பின்தங்கிப் போனதாகப் பட்டது.

ஏசியை அணைத்தும் வெங்கடாசலத்துக்குக் குளிர் விடவில்லை.

"செத்தவரு மேல எஃப்.ஐ.ஆர் போடலாமுங்களா சார்?" என்றாள் கான்ஸ்டபிள் மோனிஷா.

லேப்டாப்போடு பட்டறைக்குப் போனார்கள். சுவாமிநாதனின் மனைவி நல்லம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குப் போட்ட துண்டுதானுங்க."

"நாலு மணிக்கு மேலங்கம்மா இது." வெங்கடாசலம் திரையின் மூலையில் ஓடிய மணியைத் தொட்டுக் காட்டினார். "அவரு போய்ச் சேர்ந்தப்புறம்."

"கேமராப் பொட்டி மணியைச் சொல்றீங்களா? மாட்ட வந்தவன் புதன்கிழமை பன்னண்டு இருவதுக்கு வந்து நின்னானுங்க. ராகு காலம். அது முடிஞ்சு ஓட்டுனாப்புல இருக்கட்டும்னு இவரு மணியை ஒன்னு முப்பத்தஞ்சுக்குத் தள்ளி வெச்சுட்டாரு. அப்படியேதானுங்க ஓடுச்சு."

ஒன்றேகால் மணி நேரம் கூடுதல். கதிர் போனது இரண்டுக்கு. சுவாமிநாதன் நிமிர்ந்து பார்த்தது, விழுவதற்குப் பத்து நிமிடம் முன்பு. பெட்டியைக் கழற்றும் முன் அதன் மணியைக் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

"இதை ஏம்மா சொல்லலை?"

"நீங்க கேக்கலைங்களே சாமி. வந்தீங்க, பொட்டியைப் புடுங்குனீங்க, போயிட்டீங்க. கதிரு எப்பங்க ஊட்டுக்கு வருவான்?"

"திருத்தின அறிக்கையை இன்னிக்கே கோர்ட்டுல குடுத்தா விட்டுருவாங்கம்மா," என்றாள் மோனிஷா.

மூன்று மணிக்குள் அவளே அதை அச்செடுத்து நீட்டினாள். அன்று வெங்கடாசலத்துக்குச் சந்திராஷ்டமம். கையெழுத்தை மறுநாள் போட்டார்.