கூரையில் கிடந்த பாம்பு

1975ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 14ஆம் திகதி காலை, மடு மாதா கோயிலுக்குத் தெற்கே காட்டோரம் போடப்பட்டிருந்த யாத்திரிகர் கொட்டில் ஒன்றின் தென்னங்கிடுகுக் கூரையில் ஒரு பாம்பு காணப்பட்டது.

முதலில் கண்டவள் பக்கத்துக் கொட்டிலில் இருந்த சிலாபத்துப் பெண். அடுப்புக்கு நெருப்புக் கேட்டு வந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மாபிலா! மாபிலா!" என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தாள். உள்ளே பேசாலை மீனவன் எமிலியானுஸ் பிளேன்ரீக் கோப்பையைப் பிடித்தபடி, வயிற்றை முழங்காலோடு மடித்துக் குந்தியிருந்தான். விடியப்புறம் எழும்பினதிலிருந்து அவனுக்கு வயிறு பிசைந்துகொண்டிருந்தது.

"அதென்ன மாபிலா?" என்று கேட்டாள் அவனுடைய அக்கா அன்னப்பிள்ளை.

சிலாபத்துப் பெண் வாசலுக்கு வெளியே நின்று சொன்னாள். ராவில் ஏழு பாம்பு ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு கூரையிலிருந்து தொங்குமாம். ஆகக் கீழே தொங்குவது நித்திரை கொள்ளுகிறவரின் இரத்தத்தைக் குடிக்குமாம்.

"அப்ப மற்ற ஆறுக்கும் ஒண்டுமில்லையோ?" என்றான் எமிலியானுஸ். "எங்கட கரைவலை மாதிரித்தான் கிடக்கு. இழுக்கிறது எல்லாரும், தின்னுறது வலைக்காரச் சம்மாட்டி."

வாசலில் கூடிய சனம் சிரித்தது. அவன் கோப்பையை வைத்துவிட்டு ஒரு கம்பை எடுத்தான்.

"இஞ்சேருங்கோ, அதை விடுங்கோ. அது பகலில நித்திரை. தன்ர பாட்டில போயிடும்" என்றாள் அவனுடைய மனைவி எடித்.

எடித் பேசாலைப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தாள். இந்தப் பாம்பைப் பயிற்சிக் கலாசாலையில் சாராயச் சாடிக்குள் பார்த்திருக்கிறாள். உயிரோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை. தவிட்டு நிறம், கறுப்புத் திட்டுகள், மெல்லிய கழுத்தில் பொருத்தமில்லாத பெரிய தலை. வெளிச்சம் பட்டதும் கண்மணி பூனையின் கண்போல நிமிர்ந்த கோடாக ஒடுங்கியது. பூனைப்பாம்பு. மரத்தில் வாழும். இரவில் பல்லியும் ஓணானும் குருவிக் குஞ்சும் தேடும். சாடியில் எழுதி ஒட்டியிருந்தது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

எமிலியானுஸ் கம்பால் கிடுகைக் கிளப்பினான். பாம்பு சுருண்டு, வாலைப் படபடவென்று அடித்து, வாயைத் திறந்தது. அடுத்த கணம் அவனுடைய பெருவிரல் மடிப்பில் தொங்கியது. அவன் உதறினான். விழுந்ததை வெளியே நின்றவர்கள் விறகுக் கட்டையால் அடித்தார்கள்.

கொட்டிலுக்குள் ஒரே இரைச்சல். லொறிக்காரர் சாஹுல் ஹமீட் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எருக்கலம்பிட்டிக்காரர். வருடாவருடம் திருநாளுக்கு இவர்களை ஏற்றி வருகிறவர், எல்லோருக்கும் 'நானா'.

"ரீச்சர், லொறியை எடுக்கட்டா? மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஒரே இழுவையா இழுத்திருவன்."

"பொறுங்கோ நானா." எடித் புருஷனின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சின்னப் பற்களின் கீறல் வரிசை. துளி இரத்தம். "இதுக்கு விஷப்பல்லு வாயின்ர பின்பக்கம், கண்ணுக்கு நேர கீழ. கவ்விப் பிடிச்சுச் சப்பினாத்தான் விஷம் இறங்கும். இறங்கினாலும் பல்லியைத்தான் கொல்லும், ஆளைக் கொல்லாது. வீங்கும், அவ்வளவுதான்."

"கேட்டியளோ?" என்றான் எமிலியானுஸ் சனத்தைப் பார்த்து. "ரீச்சர் தீர்ப்புச் சொல்லிட்டா. நான் பல்லியில்லை, தப்பிட்டன்."

அன்னப்பிள்ளை அதற்குள் கோயில் பக்கத்து மண்ணை அள்ளி வந்து தண்ணீரில் கரைத்திருந்தாள். மடு மண் பாம்பு விஷத்தை முறிக்கும் என்பது கரையோரம் முழுவதும் தெரிந்த சங்கதி. பெட்டிக்குள் ஒரு முடிச்சு மண் இல்லாத வீடு பேசாலையில் இல்லை. கரைசலைத் தம்பிக்குக் குடிக்கக் கொடுத்தாள். சேற்றைக் கையில் பூசினாள். எடித் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தாள்.

சாஹுல் ஹமீட் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு லொறியடிக்குப் போனார்.

பத்து மணிக்கு மேல் எமிலியானுஸ் நித்திரை வருகிறது என்றான். ராத்திரி நவநாள் செபம் முடிந்து கொட்டிலுக்கு வரப் பிந்திவிட்டது. விடியவும் வயிற்றுக்குத்தில் எழும்பியாயிற்று. எடித் அவனைத் தன் பாயில் படுக்க வைத்து, பெருவிரலைப் பார்த்தாள். வீக்கம்கூட இல்லை. அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"வயிறு எப்பிடி?"

"அப்பிடியேதான். அக்கான்ர கத்தரிக்காய்க் கறி."

"என்ர கறியைச் சொல்லாதை" என்றாள் அன்னப்பிள்ளை அடுப்படியிலிருந்து. "நாங்களும்தானே திண்டனாங்கள்."

"எடித், நீ ரெண்டு பேராத் தெரியிறாய்."

"ஒரு ரீச்சரே உங்களுக்குக் காணும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒரு பக்கம் எழும்பவில்லை. கண் இமைகள் பாதியில் நின்றன. மேலே தூக்க முயல, நெற்றிதான் சுருங்கியது. ஏதோ சொன்னான், சொல் குழைந்து வந்தது. எச்சில் கடைவாயால் வழிந்தது. அதை விழுங்க அவனால் முடியவில்லை.

எடித் எழுந்தாள். "நானா!" என்று கத்திய குரல் தன்னுடையது போல அவளுக்குக் கேட்கவில்லை.

லொறியின் பின்தட்டில் வைக்கோல் சாக்குகளின் மேல் அவனைக் கிடத்தினார்கள். தலை எடித்தின் மடியில். அன்னப்பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு செபமாலையை உருட்டினாள். மடு றோட்டைத் தாண்டும்வரை அவன் எடித்தின் விரலைப் பிடித்திருந்தான். முருங்கனுக்குக் கிட்ட அந்தப் பிடி இல்லை. மூச்சு மேலோட்டமாக, நாய்க்குட்டியின் மூச்சுப்போல் ஓடிற்று. நெஞ்சு அசைவது நின்று வயிறு மட்டும் அசைந்தது.

அவனுடைய கண்கள் மூடிக்கிடந்தன. ஆனால் அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று எடித்துக்குத் தோன்றியது. அப்போதுதான் அந்த வயிற்றுக்குத்து நினைவுக்கு வந்தது. கூரைப் பாம்பு கடித்தது விடிந்த பிறகு. வயிறு பிசைந்தது அதற்கு முன்னால்.

தள்ளாடி ஊர் கழிந்து மன்னார்ப் பாலத்தில் ஏறியபோது கடற்காற்று அடித்தது. அன்னப்பிள்ளை செபத்தை நிறுத்திவிட்டுத் தம்பியின் பாதத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தடவினாள். எடித்தை நிமிர்ந்து பார்த்தாள். சாஹுல் ஹமீட் ஹோர்ன் அடித்துக்கொண்டே லொறியை ஓட்டினார். ஆஸ்பத்திரியில் டொக்டர் இமையைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்து, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்.

மறுநாள் மாதாவின் திருநாள். பேசாலைச் சனத்தில் பாதி மடுவில் இருந்தது. மீதிப் பாதி எமிலியானுஸின் வீட்டு முற்றத்தில், தறப்பாளின் கீழ், கோயிலில் இருந்து வந்த வாங்குகளில் இருந்தது. பாம்பு பற்றித்தான் பேச்சு. ஏழு பாம்பு என்றார்கள். கூரையில் மிச்சம் ஆறு கிடந்திருக்கும் என்றார்கள்.

எடித் சவப்பெட்டியடியில் இருந்தாள். அன்னப்பிள்ளை எதிரே. நேற்றுப் பாலத்திலிருந்து அவள் எடித்தோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

பத்து மாதத்துக்கு முன் கச்சான் காற்றில் எமிலியானுஸின் வள்ளம் கவிழ்ந்து, அவன் மூன்றாம் நாள் தாழ்வுபாட்டுக் கரையில் உயிரோடு ஒதுங்கினான். அந்த மூன்று நாளும் தண்ணீர் குடியாமல் முழங்காலில் நின்றவள் அன்னப்பிள்ளை. தம்பி திரும்பி வந்தால் திருநாள் முடியும்வரை மடு மண்ணில், கட்டில் மெத்தை இல்லாமல், பாயில் படுப்பான் என்று நேர்த்தி வைத்தவளும் அவள்தான். எடித் கன்வஸ் கட்டிலை லொறியில் ஏற்றியபோது, "மாதாவின்ர மண்ணில பாம்பு தீண்டாது பிள்ளை" என்று அதை இறக்கி வைத்தவளும் அவள்தான்.

மத்தியானம் சாஹுல் ஹமீட் மடுவில் விட்டுவந்த சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தார். பானை சட்டிகளைக் குசினிப் பக்கம் இறக்கியவர் எடித்தைக் கைகாட்டிக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"ரீச்சர், தம்பி ராவு படுத்த பாய் ஒண்டு மூலையோட கிடந்ததே. அதைச் சுருட்டக்க கீழ ஒண்டு படுத்திருந்திச்சு. நான்தான் அடிச்சன்."

"எப்பிடிப் பாம்பு?"

"நீளமில்ல. நல்ல கறுப்பு. வெள்ளை வளையம் வளையமா." அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "எட்டடி விரியன், கட்டுவிரியன் எண்டுறது. நுளம்பு கடிச்ச மாதிரிக்கூடத் தெரியாதாம் ரீச்சர்."

விடியப்புறத்து வயிற்றுக்குத்து அதன் கடியால்தான் என்று எடித்துக்கு விளங்கியது.

"நீங்க சொன்னது சரிதான். கூரையில கிடந்தது ஒண்டும் செய்யல்ல. சனம் உங்களத்தான் குத்தம் சொல்லுது. நான் போய் விளங்கப்படுத்தவா?"

முற்றத்திலிருந்து அன்னப்பிள்ளையின் ஒப்பாரி கேட்டது. கடல் விட்ட என் தம்பி, மண்ணில் கிடக்கப் போனாயோ என்று இழுத்து அழுதாள்.

"வேண்டாம் நானா" என்றாள் எடித். "ஆரிட்டையும் சொல்லாதேங்கோ."

அடக்கச் செபத்துக்குச் சுவாமியார் வருவதற்குச் சற்று முன்னால் அன்னப்பிள்ளை வாயைத் திறந்தாள். பெட்டிக்குக் குறுக்கே, எல்லோரும் கேட்கக் கேட்டாள்.

"நீதானேடி சொன்னனீ, ஆளைக் கொல்லாது எண்டு?"

சாஹுல் ஹமீட் வேலியோரம் தலை குனிந்துகொண்டார்.

"ஓம் மச்சாள்" என்றாள் எடித். "எனக்குப் பிழைச்சுப் போச்சு. வேறை பாம்பெண்டு நினைச்சிட்டன்."

"படிச்சனீயெல்லோ!"

"ஓம்."

அன்னப்பிள்ளை தம்பியின் நெற்றியில் கையை வைத்தாள். யாரோ ஒரு கிழவன், புத்தகத்தில் எல்லாப் பாம்பும் இராது என்று சொன்னது எடித்துக்குக் கேட்டது.

சேமக்காலையில் மணல் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. குழியை இரண்டு தரம் ஒழுங்குபடுத்தினார்கள். பெட்டி இறங்கியதும் அன்னப்பிள்ளை இடுப்பிலிருந்து ஒரு துணிமுடிச்சை அவிழ்த்தாள். மடு மண். ஒரு பிடியைக் குழிக்குள் தூவினாள். முடிச்சைத் திரும்பக் கட்டப் போனவளுக்கு முன்னால் எடித் கையை நீட்டினாள்.

அன்னப்பிள்ளை அந்தக் கையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முடிச்சைத் தளர்த்திக் கொஞ்ச மண்ணை அதில் கொட்டினாள்.

எடித் அதைக் குழிக்குள் போட்டாள். மிச்சத்தை ஆட்கள் மண்வெட்டியால் தள்ளி மூடினார்கள்.