ஓடாத வண்டியின் சூடு

ஓய்வுபெற்ற தபால்காரர் தன் மகனின் பைக்கோடு மூன்றாவது முறையாக என் பட்டறைக்கு வந்தபோது என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இன்ஜின் மறுபடியும் கொதிக்கிறதாம். கூலண்ட் மாற்றி, ரேடியேட்டரை அலசி, போன மாதம் எரிந்துபோன அதன் ஃபேனையும் மாற்றிக் கொடுத்திருந்தேன். நான் ஓட்டினால் வண்டிக்கு ஒரு குறையும் இருக்காது. அவர் வீட்டுக்குப் போனால் மட்டும் ஆவி பறக்கும்.

மீட்டரைப் பார்த்தேன். போன மாதம் குறித்துவைத்ததைவிட நான்கே கிலோமீட்டர் கூடியிருந்தது. அவர் வீட்டுக்குப் போக இரண்டு, வர இரண்டு.

"என்ன சார், இத ஓட்டுறதே இல்லையா?"

அவர் ஹெல்மெட்டைக் கையில் உருட்டினார். "சாயந்தரம் ஆறு மணிக்கு வாசல்ல ஸ்டார்ட் பண்ணி விடுவேன். ஒரு மணி நேரம் அப்படியே நிக்கும். பையன் வேலை முடிஞ்சு வர்ற நேரம் அது. இப்ப ரெண்டு வருஷமா வெளிநாட்டுல இருக்கான்."

"நின்ன எடத்துலயே நின்னா ரேடியேட்டர் ஃபேன் காத்து மட்டும் எப்படிப் பத்தும்? சத்தம்தான் வேணும்னா ரேடியோ போட வேண்டியதுதானே?" என்று எரிந்து விழுந்தேன்.

"அதுவும் ஓடுது தம்பி. அது யார்கிட்டயோ பேசிக்கிட்டிருக்கு."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அப்ப வண்டிக்கு முன்னால ஒரு டேபிள் ஃபேனாவது வெச்சு விடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வீட்ல ஒரு ஃபேன்தான் இருக்கு. பரவால்ல, நான் சும்மாதானே உக்காந்திருக்கேன். அது பக்கம் திருப்பி வெச்சுடுறேன்."