இரண்டு மீட்டர் அதிகம்

ஆய்வறிக்கையில் ‘பலன் ஏதுமில்லை’ என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டால் போதும், திங்கட்கிழமை அறை கைமாறிவிடும். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பிடிவாதக்காரி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

“தெரியலைன்னு வேணா எழுதுறேன் சார். இல்லைன்னு எழுத மாட்டேன்.”

“நாலு மாசமா இதே பாட்டு,” என்றார் துறைத் தலைவர். “சாயங்காலத்துக்குள்ள அறையைக் காலி பண்ணும்மா.”

எட்ட எட்ட நிற்கும் இரண்டு தொலைநோக்கிகளின் வெளிச்சத்தை ஓரிடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். இரு விண்மீன்களின் ஒளித்துகள்கள் ஜோடியாக விழும் நேரத்தை வைத்தே அவற்றின் இடைவெளியை மயிரிழை பிசகாமல் அளந்துவிடலாம் என்பது அவள் கட்சி. சோதனைக்கு, விண்மீன்களுக்குப் பதில் இரண்டு விளக்குகள், தொலைநோக்கிகளுக்குப் பதில் இரண்டு உணர்கருவிகள். ஜோடிகள் விழுந்தால் வரைபடத்தில் ஒரு குன்று எழ வேண்டும். எழவில்லை.

மதியச் சாப்பாட்டோடு வந்த கணவர், எதிர்த்தெருத் தையல்காரர், அவள் முகத்தைப் பார்த்ததும் அறையைக் காலி செய்ய உதவியாக, உணர்கருவிகளிலிருந்து கணினிக்குப் போகும் ஒயர்களைக் கழற்றிச் சுற்ற ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

“ரெண்டும் ஒரே நீளம்னு சொன்னே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“இது ரெண்டு மீட்டர் அதிகம். ஒரு சட்டையே தைக்கலாம்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு மாதம் முன்பு அறுந்த ஒயரை மாற்றியதே அவள்தான். கூடுதல் நீளத்தால் ஒரு பக்கத்துச் செய்தி நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு தாமதமாக வந்திருக்கிறது. ஜோடிகள் வராமல் இல்லை. இவள்தான் அடுத்த வீட்டு வாசலில் காத்துக் கிடந்திருக்கிறாள்.

பதிவுகள் அத்தனையும் கணினியில் பத்திரமாக இருந்தன. தேடும் நேரத்தை அவ்வளவு தள்ளி வைத்தாள். குன்று எழுந்தது. அழுதாள், அழுதுகொண்டே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அவள் அழைத்து விவரம் சொன்னதும் துறைத் தலைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிரமாதம்மா. அந்த ஒயர் கதையை மட்டும் விட்டுடு. நானும் கையெழுத்துப் போடுறேன்.”

அவள் ‘பலன் ஏதுமில்லை’யை அடித்துவிட்டு எழுதினாள்: ‘பலன் உண்டு. ஒயரை மாற்றியவள் நான், அளக்காதவளும் நான். நான்கு மாதம் தவறான இடத்தில் தேடினேன்.’

“இதைப் படிச்சா அறிக்கையைப் பார்க்கிற ஆய்வுக் குழு உன்னை வீட்டுக்கு அனுப்பிடும்.”

“அனுப்பட்டும் சார். அடுத்து வர்றவங்க ஒயரை அளந்துட்டு ஆரம்பிப்பாங்க.”

சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டாள்.