முன்னிசை இல்லாத காணிக்கைப் பாட்டு

2008 திருவிழாவுக்கென்று ராயப்பராஜ் சாமியார் நாற்பது புதுப் பாட்டு எழுதித் தள்ளிவிட்டார். அச்சகத்தார் கையை விரித்துவிட்டதால், பாடற்குழு செல்போனில் பார்த்தே பாடட்டும் என்று முடிவானது. திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பிரிட்டோவுக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் கீபோர்டு வாசிப்பவனும் அவன்தான். அவனை விட்டால் இதற்கு வேறு ஆளேது?

ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சாஃப்ட்வேர் எழுதினான். அது போனோடு நேரடியாகப் பேசும். எண்ணை அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் பாட்டு வந்து நிற்கும். ஒரே சங்கடம், விலை கூடின சிம்பியான் போனில்தான் ஓடும். குழுவில் அந்தப் போன் அவனிடம் மட்டுமே இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பாடற்குழுவில் பாடுகிற, கல்லூரி முடித்து வருஷம்கூட ஆகாத ஐரின் ஜாவாவில் ஒன்று எழுதிக்கொண்டு வந்தாள். ஜாவாவென்றால் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து, எழுதினதைப் போனுக்குப் புரியவைக்கிற மாதிரி. பாட்டு திறக்க முழுசாக எட்டு நொடி. ஆனால் பழைய போன், மலிவுப் போன் எல்லாவற்றிலும் ஓடியது. குழுவே ஏற்றிக்கொண்டது. பிரிட்டோவின் மனைவி டெய்சியும்தான்.

"ஏ டெய்சி, நீயுமா?"

"உங்களது என் போன்ல ஏறவே மாட்டேங்குதே. நான் என்னத்தப் பாத்துப் பாட?"

அவள் கேட்டது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் அவனுக்கு இன்னும் வயிறு எரிந்தது. ஒத்திகையில் சாமியார் ஐரினைப் புகழ்ந்தபோது பொறுக்கமாட்டாமல், "எட்டு செகண்டு சாமி! ஒரு டீயே குடிச்சிரலாம்" என்றான்.

"நீங்க முன்னிசை வாசிக்கவே இருவது செகண்டு ஆகுதேண்ணே, அதுக்குள்ள வந்துரும்" என்றாள் ஐரின், வெள்ளந்தியாக. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குள்ளேயே தங்கிவிட்டது.

திருவிழாத் திருப்பலியில் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வரியை டெய்சி தனியாகப் பாட வேண்டும். மைக் முன்னால் அவள் தனியாக நிற்பது அதுதான் முதல் தடவை. காணிக்கைப் பாட்டு எண் பதினாலு என்று அறிவித்ததும் அவசரமாக அழுத்தினாள். பிரிட்டோ முன்னிசையை விழுங்கிவிட்டு நேரே பல்லவியில் கைவைத்தான். ஐரினின் வண்டவாளம் ஊருக்கே தெரியட்டும் என்பதுதான் நினைப்பு. முதலில் மாட்டப்போவது யார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

டெய்சி வாயைத் திறந்தாள். போனில் பாட்டு இன்னும் வரவில்லை. ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பெஞ்சுகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் போனைப் பார்த்தாள், பிறகு கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த புருஷனின் விரல்களைப் பார்த்தாள். பின்னாலிருந்து ஐரின் பாட்டை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் தட்டுத்தடுமாறிச் சேர்ந்துகொண்டார்கள். டெய்சி கடைசிவரை பாடவில்லை.

பூசை முடிந்ததும் ஐரின் அழுதபடி ஓடி வந்தாள். "என்னாலதான்க்கா. என் சாஃப்ட்வேர் அம்புட்டு மெதுவு."

பிரிட்டோ கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. ஒயரைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

"உன்மேல என்ன தப்பு தாயி இருக்கு?" என்றாள் டெய்சி. "எனக்காகச் செத்த நேரம் பொறுக்க இங்க ஒருத்தருக்கு மனசு வரல."

சொன்னபோது அவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.